பெயர் சொல்லாத பந்தி

குவாயாகில் நகரத்தின் மழைக்காலம் தண்மையைக் கொண்டுவருவதில்லை. வானம் தன் வியர்வையை நிலத்தின்மேல் பிழிந்துவிட்டு நகர்வதுபோல் அது வரும். கழிமுகத்து உப்புநீர் கனத்துக் கிடக்கும். மாவிலைகளில் துளிகள் சொட்டி ஓய்ந்த பின்னும் காற்று அசையாது. ஈரத்தோடு சில்வண்டுகள் படைபடையாய் இறங்கி, விளக்கடியிலும் வாசலிலும் குவிந்து மடிந்து, மிதிபட்டு நாறும். பெருந்தொற்று வந்த ஆண்டிலோ, அந்த நாற்றத்தின் அடியில் இன்னொரு நாற்றமும் படிந்திருந்தது. மூடிய கதவுகளுக்குப் பின்னால், எடுத்துச்செல்ல ஆள் வராத உடல்களின் நாற்றம் அது. தெருவே அதை அறிந்திருந்தது. எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆலய மணிகளும் மௌனம் காத்தன.

அந்நாட்களில் எர்லிண்டா தோமலா தன் மகனின் மடிக்கணினியைத் திறந்து, அதன் முன் அமர்ந்து பொழுதைக் கழித்தாள். வீடுகளில் அடைபட்டுத் துயரில் உழல்வோருக்காக மிரேயா என்ற இளம் மனநல மருத்துவர் இணையவழியே நடத்திய ஆறுதல் வட்டத்தில் அவளும் சேர்ந்திருந்தாள். மனைவியைப் பறிகொடுத்த முன்னாள் பேருந்து ஓட்டுநர் தோன் வில்ஃப்ரிதோவும், தங்கையை இழந்த பெத்சபேயும் தவறாமல் வருவார்கள்.

"ஞாஞா, இன்னிக்காவது மூஞ்சியக் காட்டு. உன் நெத்தியையும் மின்விசிறியையும்தான் இத்தன நாளா பாத்துட்டிருக்கேன்," என்பார் வில்ஃப்ரிதோ. பெண்கள் எல்லாருமே அவருக்கு ஞாஞா, உடன்பிறப்புகள்.

"நாங்க மட்டும் என்னத்தப் பாத்தோம்? உங்க மூக்கு ஓட்டையத்தான்," என்பாள் பெத்சபே. "ரெண்டுலயும் புதரு மண்டிக் கெடக்கு."

எர்லிண்டா சிரிப்பாள். ஆனால் அவளது துயரத்துக்கு மட்டும் பெயர் இல்லை. மூச்சுத் திணறிய மகன் லிசார்தோவை மருத்துவமனை வாசலில் ஒப்படைத்துவிட்டு வந்தவள் அவள். மறுபடி கேட்டபோது, அப்படியொரு பெயரில் எவரும் அங்கு இல்லை என்றார்கள். நோயாளிகளிடையே இல்லை. பிணங்களிடையேயும் இல்லை. மற்றவர்கள் அழுதார்கள், அவளுக்கு அழவும் உரிமை வாய்க்கவில்லை, நம்பவும் துணிவு வரவில்லை.

பந்தி வைக்கும் பேச்சை எடுத்தவள் பெத்சபே.

"அடக்கம் பாக்கல, கூடி உக்காந்து செபமால சொல்லல, வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கல. நம்ம ஊர்ல வைப்போமே, அந்த மாதிரி செத்தவங்களுக்கு ஒரு பந்தியாவது வைப்போம்."

"அது நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு வைக்கிறதாச்சே," என்றாள் எர்லிண்டா.

"நவம்பர் வரைக்கும் நாம இருப்போங்கிறதுக்கு யாரு ஞாஞா சீட்டு எழுதிக் குடுத்தா?" என்றார் வில்ஃப்ரிதோ.

மூவரும் கடலோரச் சிற்றூர்களிலிருந்து நகரத்துக்குக் குடியேறியவர்கள். முறை அவர்களுக்குத் தெரியும். நடுப்பகலில், இறந்தவர் விரும்பிய உணவையெல்லாம் மேசையில் பரப்பி, அவர் பெயரைச் சொல்லி அழைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். அவர் உண்டு முடிக்கும்வரை எந்தக் கண்ணும் அந்த அறைக்குள் புகக்கூடாது.

மிரேயா மகிழ்ந்தாள். "ரொம்ப நல்ல யோசனை. ஆனா அந்த நேரத்துல யாரும் தனியா இருக்க வேண்டாம். மேசைமேல கணினி பாட்டுக்குத் திறந்திருக்கட்டும். நீங்க வெளியில இருந்து கைப்பேசியில சேந்துக்குங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருப்போம்."

கணினிக்கும் கண் உண்டு என்பதை எவரும் நினைக்கவில்லை.

எர்லிண்டா நினைத்தாள். நினைத்தும் சொல்லாமல் இருந்தாள். லிசார்தோ வந்து உண்டால் அவன் இறந்தவன். பந்தி தொடப்படாமல் கிடந்தால், எங்கோ ஒரு கட்டிலில் அவன் இன்னும் மூச்சு விடுகிறான். அதை அறிந்தாக வேண்டும் அவளுக்கு.

குறித்த நாளன்று கோழிக் குழம்பும், பருப்பும் சோறும், பாலாடைக்கட்டி பொதிந்த வாழைக்காய் உருண்டையும் சமைத்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அனைத்தையும் பரப்பினாள். பெயரைச் சொல்ல வாய் திறந்தாள். மரித்தோரை அழைக்கும் அழைப்பில் அந்தப் பெயரை வைக்க ஒரு தாயின் நாவு இணங்கவில்லை.

சொல்லாமலே கதவைச் சாத்தினாள்.

"பேரு சொல்லிக் கூப்ட்டியா?" என்றாள் பெத்சபே, கைப்பேசியில்.

"கூப்ட்டேன்," என்றாள் எர்லிண்டா, அடுக்களையில் அமர்ந்தபடி.

திரையில் மூன்று மேசைகள், மூன்று சிறு கட்டங்களில். நான்காவது கட்டத்தில் மிரேயா கண்மூடி அமர்ந்திருந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வில்ஃப்ரிதோவின் மீன்மேல் ஓர் ஈ அமர்ந்து எழுந்தது.

முதலில் வந்தது மணம்தான். அழுகிய இறாலும் மருத்துவமனைக் கிருமிநாசினியும் கலந்ததொரு வாடை. கதவின் அடியிலிருந்து அது கசிந்தது.

பின்பு ஓசை.

ஈரமான எதையோ உறிஞ்சும் ஓசை. கைப்பேசியிலும் கேட்டது, கதவுக்கு அப்பாலும் கேட்டது.

அவளுடைய கட்டத்தில் வெள்ளைத் துணி ஒருபக்கமாய் இழுபட்டது.

"லிசார்தோ," என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

மேசை விளிம்பில் ஒரு கை ஏறியது. நீரில் ஊறி வெளுத்த கை. தோல் கழன்ற கையுறைபோல் விரல்நுனிகளில் தொங்கியது. கிழவர் ஒருவரின் கை அது. மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை. அதில் எழுத்தே இல்லை.

அவள் மகன் அல்லன்.

கறுத்த நெகிழித்தாள் சுற்றிய உருவமொன்று குனிந்து, தட்டில் வாய் வைத்து உண்டது. வாயின் ஒருபுறம் மூடவில்லை. உண்ட சோறு கன்னத்தின் கிழிசல் வழியே வழிந்து விழ, அதை மீண்டும் துணியிலிருந்து நக்கி எடுத்தது. தட்டோரம் செத்துக் கிடந்த சில்வண்டுகளையும் சோற்றோடு வழித்துக் கடித்தது. நொறுநொறுவென்ற அந்த ஓசையில் எர்லிண்டா தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தபோது அது கணினியை நோக்கி முகத்தை நிமிர்த்தியிருந்தது. மற்ற மேசைகளைப் பார்த்துவிட்டது.

அதன் நாக்கு திரையையும் மேலிருந்த கணினிக் கண்ணையும் தொட்டது. எச்சிலும் குழம்பும் படிந்து காட்சி மங்கியது.

அடுத்த கணம், வில்ஃப்ரிதோவின் மீன் தட்டில் தானாகக் கரைந்தது. பெத்சபேயின் கூழ்க் கிண்ணம் சுழன்று சுழன்று காலியாயிற்று.

"சீ! என்ன கருமம் இது!" வில்ஃப்ரிதோவின் குரல் உடைந்தது. "எம் பொண்டாட்டி மகராணி மாதிரி சாப்புடுவா. இது அவ இல்ல! தட்டுல முடி கெடக்கு... சீச்சீ, தோலு கெடக்கு!"

"எர்லிண்டா! உண்மையச் சொல்லு, பேரு சொன்னியா இல்லியா?" என்று அலறினாள் பெத்சபே.

மிரேயா கண் திறந்தாள். முகம் சுண்ணாம்பாயிற்று. கற்ற பழக்கம் மட்டும் பேசியது. "எல்லாரும்... மூச்சை மெதுவா... ஆழமா உள்ள இழுங்க..."

இழுத்தார்கள். நால்வர் தொண்டையிலும் அதே அழுகல் வாடை இறங்கியது. ஒவ்வொரு கட்டமாய் அணைந்தது.

எர்லிண்டா தனித்து நின்றாள்.

கதவின் மறுபுறம், கீழே, மரத்தை நக்கும் ஓசை.

"இன்னும் இருக்கா?"

இரந்து கேட்கும் குரல். பிச்சை கேட்டு அறியாதவர், முதன்முறையாகக் கேட்பதுபோல் கூசிய குரல்.

"யாரு நீ?" என்றாள், அடுக்களைத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"பேரு இல்லம்மா. பட்டையில எழுதல. யாரும் கூப்புடல." ஒரு விக்கல், ஏதோ பிசுபிசுப்பாய்த் தரையில் விழுந்தது. "பேரு சொல்லாம வெச்ச பந்தி இது ஒண்ணுதான்."

அவள் சுவரைப் பற்றிக்கொண்டாள். கேட்காமல் இருந்துவிடலாம். கேட்காதவரை மகன் ஏதோவொரு கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பான்.

"லிசார்தோன்னு ஒரு பையன்," என்றாள். "புருவத்துல தழும்பு. அங்க இருக்கானா?"

"அவந்தாம்மா வழி சொன்னான். 'தாத்தா, நீங்க முன்னாடி போங்க, எங்கம்மா யாரையும் வெறும் வயிறோட அனுப்ப மாட்டா'ன்னான்."

எர்லிண்டா அழவில்லை. அடுப்பிலிருந்த சட்டியை எடுத்தாள். அடியிலிருந்த குழம்பும் சோறும் எல்லாவற்றையும் பெரிய தட்டில் வழித்தாள். கதவை ஒரு சாண் திறந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. கண்களை இறுக மூடி, கையை உள்ளே நீட்டி, தட்டைத் தரையில் வைத்தாள். குளிர்ந்து வழுக்கும் ஏதோவொன்று அவள் புறங்கையை உரசியது. அது ஒரு விரலன்று. பல கைகளின் விரல்கள்.

கதவை மூடினாள். கையைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். துடைத்த இடமெங்கும் வாடை ஒட்டிக்கொண்டது. அப்படியே முழந்தாளிட்டாள். நாறும் அதே கையால் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"ஆண்டவரே," என்றாள், "உம் அடியான் லிசார்தோவுக்கு இளைப்பாறுதல் தாரும். தன் பெயரை இழந்து வழியில் நிற்கும் எல்லா ஆன்மாக்களுக்கும் உம் பந்தியில் ஓர் இடம் தாரும்."

உறிஞ்சும் ஓசை நின்றது.

கதவுக்கு அப்பால், முதியவரும் பெண்டிரும் மழலையருமாய், எண்ணத் தொலையாத குரல்கள், வாய் நிறையச் சோற்றோடு, மெல்ல மொழிந்தன:

"ஆமென்."

எர்லிண்டா எழுந்து, கதவின் மரத்தில் உள்ளங்கையை வைத்தாள். அப்பாலிருந்து இன்னோர் உள்ளங்கை அதே இடத்தில் அழுந்துவதை உணர்ந்தும் அவள் கையை எடுக்கவில்லை.

"சாப்புடுங்க பிள்ளைங்களா," என்றாள். "தேவமாதா உங்கள ஒவ்வொருத்தரயும் பேரு சொல்லிக் கூப்புடட்டும்."