பேனர் மாப்பிள்ளை

“எனக்கு யாரைங்க கட்டி வச்சிருக்கீங்க?”

பின்னாலிருந்து வந்த குரலுக்கு மாரிச்செல்வி திரும்பவில்லை. திரும்ப ஏது நேரம்? எட்டயபுரம் ரோட்டில், கல்யாண மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரை நாலா பக்கமும் நின்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பேனரின் கீழ் மூலையில் ‘மாரிச்செல்வி டிசைன்ஸ்’... பக்கத்தில் அவளுடைய ஃபோன் நம்பர். சென்னையில் மூன்று வருஷம் ஒரு கம்பெனிக்கு ராப்பகலாக வரைந்து கொட்டினாள். அத்தனையும் முதலாளி பெயரில் போனது. போதுமடா சாமி என்று கோவில்பட்டிக்கே திரும்பி வந்து, சொந்தப் பெயரில் செய்த முதல் வேலை இது. கண்ணை எடுக்க மனசு வருமா?

“உங்களைத்தாங்க... அந்த நம்பருக்குச் சொந்தக்காரி நீங்கதான?”

திரும்பினாள். மாநிறம். சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கும் கண்கள். அடடே... பேனரில் ஆளுயரத்துக்கு நிற்கும் மாப்பிள்ளையே நேரில்!

“கல்யாண வாழ்த்துகள் சார்!” என்றாள் வாய் நிறைய.

“அதைச் செல்வகணேசுக்குச் சொல்லுங்க. கல்யாணம் அவனுக்கு. நான் அவன் ஃப்ரெண்டு மணிகண்டபிரபு. பேனர் போடச் சொன்னது நான்தான்... மாப்பிள்ளையா நிக்கச் சொல்லல.”

மாரிச்செல்விக்குக் காது மடல் சுட்டது. அண்ணாந்து பார்த்தாள். மேலே மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், ‘செல்வகணேஷ்’ என்ற பெயருக்கு நேராக, இதோ இந்த ஆள். அவன் விரல் நீட்டிய இடத்தில், கீழே நண்பர்கள் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு பைக்கில் சாய்ந்திருக்கிறானே... அவன்தான் மாப்பிள்ளையாம்!

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நண்பர்கள் சேர்ந்து பேனர் வைப்பார்கள். ஜோடி மேலே, நண்பர்கள் கீழே வரிசையாக. இவன் வாட்ஸப்பில் ஒரு குவியல் போட்டோவை அனுப்பினான், யார் எவர் என்று ஒரு வார்த்தை இல்லாமல். பட்டு வேட்டியும் சட்டையுமாக ஒருவன் நின்றால் எந்த டிசைனரும் அவனைத்தானே மாப்பிள்ளை ஆக்குவாள்?

அவளும் விடுகிற ஆளில்லை. ஃபோனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “அச்சுக்குக் குடுக்கதுக்கு முன்னால அனுப்பி, ‘சரியா’ன்னு கேட்டிருக்கேன். நீங்க கட்டைவிரலைத் தூக்கியிருக்கீங்க. இது யார் விரலு?”

அவன் பார்த்தான். அசடு வழிந்தான். “என் விரலுதான்... எங்க கம்பெனித் தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். பாக்காமலே தட்டிட்டேன். இப்ப பொண்ணு வீட்டு வேன் மணியாச்சியைத் தாண்டியாச்சாம். இதைப் பாத்தா பொண்ணோட அப்பா என்னைக் கொன்னுருவாரு.”

வாதத்தில் ஜெயித்தாயிற்று. கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் மூலையில் இருப்பது அவள் பெயர் ஆயிற்றே...

“ஏணி எங்கன இருக்கு? இறக்குங்க. என் பேரு போட்ட வேலை தப்பாத் தொங்கக் கூடாது.”

மண்டபப் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். விரல்கள் பறந்தன. நண்பன் கீழே இறங்கினான், மாப்பிள்ளை மேலே ஏறினான். அவளுடைய ஸ்கூட்டி முன்னால் போக, அவன் பைக் பின்னால் போக, இருவரும் பிரஸ்ஸுக்குப் பறந்தார்கள். புது பேனரைச் சுருட்டி எடுத்துத் திரும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவன் ஏணியில் ஏறிக் கட்ட, அவள் கீழே நின்று பிடித்துக்கொள்ள, கடைசி முடிச்சு விழவும் வேன் வந்து திரும்பவும் சரியாக இருந்தது.

வாசல் வளைவுக்குள் ஒதுங்கினார்கள். செருப்பில் கரிசல் மண் அப்பிக் கனத்தது. அவள் முகத்தில் மழைத்துளிகள்... இமையில் ஒன்று விழவா வேண்டாமா என்று தொங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன பாக்குதீங்க?”

“தப்பு உங்க மேல இல்ல. அப்புறம் ஏன் நனைஞ்சீங்கன்னு பாக்குதேன்.”

“வேலைன்னா அப்படித்தான்.”

“கோவக்காரின்னு நெனைச்சேன்...”

“இப்ப?”

“இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன். ஆனா நல்லாருக்கு.”

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மழையில் இறங்கி ஓடியே போனாள்.

சொந்தத் தொழில் என்று சொல்லிவிட்டாளே தவிர, ஆள் வர வேண்டுமே! கடை கடையாக ஏறி இறங்கினாள். “கம்ப்யூட்டரே வரைஞ்சிரும்லா, அதுக்கு எதுக்குத் துட்டு?” என்றார் ஒரு அண்ணாச்சி. இன்ஸ்டாகிராமில் போட்ட படங்களுக்கு இதயம் குவிந்தது, வேலை குவியவில்லை. “தை பொறக்கட்டும், அதுக்குள்ள சரிப்பட்டு வரலைன்னா மெட்ராஸ் வேலைக்கே போயிரு தாயி” என்றார் அப்பா ராஜபாண்டி. நாகலாபுரத்தில் மானாவாரி நிலத்தில் மிளகாய் போடுகிறவர். மழையை நம்பிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், மகளும் அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஆனால் கார்த்திகையில் காற்று மாறியது. செக்கு எண்ணெய்க்கு லேபிள் வேண்டும் என்று ஒருவர் வந்தார். பேக்கரிப் பெட்டிக்கு ஒருவர். இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்யும் எட்டயபுரம் சங்கரம்மாள் ஒரு பை நிறைய மாதிரிகளோடு வந்தாள். அவளுக்கு மாரிச்செல்வி கரிசல் மண் நிறத்தில் பாக்கெட் போட்டாள், நடுவில் ஒற்றைச் சிவப்பு மிளகாய். “ஏட்டி, கறுப்பாவா போடுதே? நல்ல காரியத்துக்கு எவ வாங்குவா?” என்று சங்கரம்மாள் பதறினாள். “அந்த மொளகா வெளைஞ்ச மண்ணு நெறந்தான சித்தி” என்று ஒரே பிடியாக நின்று சம்மதிக்க வைத்தாள்.

இடையிடையே மணிகண்டபிரபுவின் குறுஞ்செய்திகள். ‘சாப்பிட்டீங்களா கோவக்காரி?’ என்று ஒன்று வந்தால் அன்றைக்கு அவள் வரையும் கோடுகள் கூடக் கொஞ்சம் ஆடும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... செக்கு எண்ணெய்க்காரர் வாயைத் திறக்கும் வரைக்கும்.

“தீப்பெட்டி கம்பெனி தம்பி மணிகண்டபிரபு சொன்னா மறுக்க முடியுமாம்மா? அவர்தான நம்ம எல்லாத்தையும் உங்ககிட்ட அனுப்புனது!”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எல்லாத்தையுமா? அப்படியானால் தன் கைவேலையைப் பார்த்து ஒருவர் கூட வரவில்லையா? சென்னையில் முதலாளி பெயர்... இங்கே இவன் தயவா?

நேரே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவன் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தான். “உங்களைத்தான் கூப்பிட இருந்தேன். எங்க தீப்பெட்டிக்குப் புது லேபிள்...”

“என்னைக் கேட்டு அனுப்பினீங்களா அவியள?”

மலர்ந்த முகம் வாடியது. “நல்லாச் செய்யுதாங்கன்னு நாலு பேருகிட்ட சொன்னேன். அது ஒரு தப்பா?”

“சொன்னது தப்பில்ல. எங்கிட்ட சொல்லாதது தப்பு. நான் பாட்டுக்கு, எல்லாரும் என் வேலையைப் பாத்து வாராகன்னு தலையை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்...”

அழுவதை அவன் பார்க்கக் கூடாது என்று வெளியேறினாள். அதன்பின் அவன் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. ஒவ்வொன்றையும் பலமுறை படித்தாள் என்பது வேறு விஷயம்.

மார்கழிக் காலையில் சங்கரம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கூடவே வத்தல் வியாபாரம் செய்யும் இரண்டு பெண்கள்.

“சித்தி, உண்மையைச் சொல்லுங்க. இவியளையும் மணிகண்டபிரபு அனுப்புனாரா?”

“அந்தத் தம்பியா? மொத தடவை அவர் சொல்லித்தான் வந்தேன், இல்லைங்கல. அவருக்காக ஒருக்கா வரலாம். மறுக்கா வாரதுக்கு எனக்கென்ன கிறுக்கா?” சங்கரம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏட்டி, தூத்துக்குடிக் கடையில மஞ்சளும் செவப்புமா நூறு பாக்கெட்டு கெடக்கு. நம்ம கறுப்புதான் தனியாத் தெரியுது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்காக. போட்டது யாருன்னு கேக்காக. இந்தா, இவளுக ரெண்டு பேரும் கடையில பாத்துட்டு என் வீட்டைத் தேடி வந்தவளுக. அடுத்த பொடிக்கும் நீதான் போடணும். உன் பேரையும் பின்னாடி அச்சடிச்சிரு, கேக்குதவளுக்கெல்லாம் பதில் சொல்ல என்னால ஏலல.”

மாரிச்செல்வி அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்கினாள். அவள் போட்ட கறுப்பு. அவள் போட்ட சிவப்பு. இதை யாரும் தயவு பண்ணித் தரவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது, கண் கலங்கியது. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அந்த வாரமே நாகலாபுரம் பஸ்ஸில் ராஜபாண்டி பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு பாக்கெட்டைக் காட்டி, “எம் மக போட்டது” என்று சொல்லிக்கொண்டு போனதாகத் தகவல் வந்தது. மெட்ராஸ் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

மணிகண்டபிரபுவின் கடைசிச் செய்தி மட்டும் ஃபோனில் அப்படியே கிடந்தது. ‘என் தப்புதான். லேபிள் வேலை உங்களுக்காகத்தான் இருக்கு. வேற யாருக்கும் குடுக்கல.’

அந்தப் பைத்தியம் இன்னும் பழைய லேபிளையே ஒட்டிக்கொண்டிருக்கிறானா...

மறுநாள் மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பருவம் தப்பிய தூறல். கொட்டகைக்கு வெளியே தனியாக நின்ற மணிகண்டபிரபு, அவளைப் பார்த்ததும் நனைவதைக் கூட மறந்து நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். அந்தக் கண்களில் மட்டும் அதே சிரிப்பு...

“லேபிள் விஷயமா வந்தேன்” என்றாள்.

“ரேட்டு நீங்க சொல்லுததுதான். அட்வான்சு இப்பவே...”

“அந்த வேலையை நான் செய்யப் போறதில்ல.”

“இன்னும் கோவமா?”

“கோவமில்ல. சிவகாசியில ஒருத்தர் இருக்காரு, தீப்பெட்டி லேபிள் என்னைவிட நல்லாவே போடுவாரு. நம்பர் தாரேன், அவருகிட்ட குடுங்க.”

“ஏன் செல்வி?”

முதல் முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தூறல் ஜில்லென்று கழுத்தில் இறங்கியது. தரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். வேண்டாம்... நிமிர்ந்தே சொல்வோம்.

“நீங்க எனக்கு வேலை குடுக்குதவரா இருந்தா, இப்ப நான் சொல்லப் போறதை வேலைக்காகச் சொன்னேன்னு ஊரு பேசும். நாளைக்கு உங்களுக்கே அப்படித் தோணலாம். எனக்கு வேலை நெறைய இருக்கு. பங்குனி வரைக்கும் ஆளுக காத்துக் கெடக்காக, என் பேரைச் சொல்லி என்னையத் தேடி வந்தவக. அதனால உங்க கம்பெனி எனக்கு வேண்டாம்...” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீங்க வேணும்.”

மணிகண்டபிரபு கண்ணைத் துடைத்தான், மழையைத் துடைப்பது போல. பிறகு அவசர அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

“அந்தச் சிவகாசிக்காரர் நம்பரை... மொதல்ல சொல்லுங்க!” என்றான்.