கருவாட்டுப் பாயில் பற்றரி

மடிக்கணினியின் அடியில், பற்றரி இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. வாசற்படியில் நின்றே றெஜினா பற்றரியைக் கண்டுவிட்டாள். முற்றத்து ஓலைப்பாயில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்கு நடுவே, அதே எண்ணெய்ப் பளபளப்போடு கறுப்பாகக் கிடந்தது. இலையான்கள் கருவாட்டை விட்டு அதில்தான் அடர்ந்து மொய்த்திருந்தன.

மாமனார் அடைக்கலநாதன் வேம்பின் கீழ்க் குந்தியிருந்தார்.

"விடியத் தொடக்கம் நீ உதோடை மாரடிச்சதைப் பாத்தனான், பிள்ளை. பொருளாதாரத் தடைக் காலத்திலை ரோச் லைற் பற்றரியை வெயிலிலை காயவைச்சுத்தான் நாங்கள் ரேடியோ கேட்டனாங்கள். உதுக்கும் அதுதான் மருந்து."

அவள் முற்றத்தில் இறங்கினாள். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கிப் பார்த்தாயிற்று. பற்றரியைக் கழற்றிப் பொத்தானை அழுத்திப் பிடித்தும், முனைகளைப் பஞ்சால் துடைத்தும், திரையில் அதே வரிதான்: செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஏறவில்லை. பூச்சியம்.

மாலையில் கரண்ட் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நேர்முகத் தேர்வு. வெளிநாட்டு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர் வேலை. கைபேசியில் வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று முகவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கிடைத்தால் இந்த வீட்டைவிட்டுப் போகலாம். கணவன் டினேஸ் இறந்த பிறகு அவளை இங்கே வைத்திருப்பது வேறு போக்கிடம் இல்லாதது மட்டும்தான். கோப்பை விளிம்பில் கிழவர் விட்டுச்செல்லும் வழுவழுப்பையும், செதில் ஒட்டிய அவருடைய நகங்களையும், சாப்பிட்டபின் நாக்கு பற்களைத் துழாவும் சத்தத்தையும் அவள் வெறுத்தாள். வெறுக்கிறேனே என்று தன்னையும் கொஞ்சம் வெறுத்தாள். ஆனாலும் அந்தக் கோப்பையைத் தன் கோப்பையோடு சேர்த்துக் கழுவியதில்லை.

பற்றரியைக் கையிலெடுத்தாள். வெயிலில் வீங்கியிருந்தது. அமுக்கிய விரல் உள்ளே இறங்கியது. பழுதான மீனின் வயிறு போல அந்தக் குழி மெல்ல மெல்ல நிறைந்தது. வீங்கிய பக்கத்தில் மெல்லிய வெடிப்பொன்று. கசிவில்லை. ஆனால் ஈரம். வீங்கிய பற்றரியைத் தொடவே கூடாதென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே கொண்டுபோய் மடிக்கணினியில் செருகினாள். அது நெளிந்து இடங்கொடுத்தது.

பூச்சியம்.

பின்னாலேயே வந்த கிழவர் குனிந்தார். என்ன செய்யப்போகிறார் என்று அவள் உணருமுன், வெளியே பிதுங்கி நின்ற அந்த வெடிப்பின் மேல் நாக்கை வைத்து, நீளமாக, ஆறுதலாக நக்கினார். எச்சில் நூலாக இழுபட்டது.

"உயிர் இருக்கு. கொஞ்சம் ஈரம் காட்டோணும், அவ்வளவுதான்."

ஒன்று. நான்கு. ஒன்பது.

அவளுக்கு அருவருத்தது. கூடவே சந்தோசமும் வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததுதான் அவளைக் கூச வைத்தது. எண் நின்ற போதெல்லாம் அவர் மறுபடி குனிந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், போதும் என்று மட்டும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்தபோது அவருடைய நாக்கு கறுத்துத் தடித்திருந்தது. பேச வராமல் கையைக் காட்டிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தார்.

கரண்ட் நின்றது. மின்விசிறி ஓய்ந்ததும் கருவாட்டு வாடை அறையின் நடுவில் வந்து நின்றது. கைபேசி வழியாக இணைப்பு எடுத்து, திரையில் தெரிந்த பெண்ணுக்கு வணக்கம் சொன்னாள்.

"வயோதிபர்களின்ரை எச்சில், சளி எல்லாம் தொட வேண்டி வரும். அருவருப்புப் பார்ப்பீங்களோ?"

"இல்லை, மிஸ். வீட்டிலை மாமாவை நான்தானே பாக்கிறன்."

எண் இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று. ஆறு. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கைபேசி வெளிச்சத்தோடு கிழவரின் அறைக்கு ஓடினாள்.

"மாமா, ஒருக்கா எழும்புங்கோ."

அவர் கண் விழித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

காயமில்லை. இரத்தமில்லை. நாக்கு இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

திரும்பி வந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. மூன்று. அந்தப் பெண் இன்னும் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்த வீடு. அந்த வாய். இரண்டு. மடிக்கணினியை முகத்துக்கு நேரே தூக்கி, அடிப்பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பினாள். வெடிப்பு அகன்றிருந்தது.

கண்ணை மூடினாள். நாக்கை நீட்டினாள்.

உப்பு. இரும்பு. பிறகு, கோப்பை விளிம்பின் அந்த வழுவழுப்பு.

"கேட்குதா, றெஜினா?" என்றது மறுபக்கத் திரையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல். "இப்ப நல்ல தெளிவா இருக்கு."

வெடிப்புக்குள்ளே ஏதோ அசைந்தது. சொரசொரப்பாக. சூடாக. அவளுடைய நாக்கின் நுனியைத் தேடிக் கண்டுபிடித்து, நீளமாக, ஆறுதலாக நக்கியது.

அவள் நாக்கை எடுக்கவில்லை.