மறுமுனை பிடித்தவர்

படகுத்துறையின் மூன்றாவது துண்டு கனக்கவே இல்லை.

மார்லிஸுக்கு அது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தண்ணீரில் ஊறிய அந்த நீளப் பலகைகள் இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு அக்டோபரிலும், அவள் முதுகை ஒடித்துவிட்டுத்தான் கரையேறும். ஏரி உறைவதற்குள் துறையைக் கழற்றி மேலே போடாவிட்டால் பனிக்கட்டி அதை நொறுக்கிவிடும். அதனால் கோடை முடிந்து ஏரிக்கரைப் பூங்காவைப் பூட்டுகிற வாரத்தில் அவளும் கணவன் வெர்னும் வந்துவிடுவார்கள். அவன் ரப்பர் கால்சட்டையோடு ஏரிக்குள் நின்று ஒரு முனையைத் தூக்கித் தள்ளுவான். அவள் கரையில் நின்று மறுமுனையை இழுப்பாள்.

இந்த வருடம் அவனை இறங்க விட்டிருக்கக் கூடாது. ஜூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிராக்டரிலிருந்து சரிந்தவன். பக்கத்துப் பண்ணைக்கு ஒரு போன் போட்டிருந்தால் நான்கு பேர் வந்து நின்றிருப்பார்கள். ஆனால் கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் வாய்விட்டு உதவி கேட்பதைவிடச் செத்துப்போவது கௌரவம்.

"டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னாரு," என்று முதல் துண்டின்போது சொல்லிப் பார்த்தாள்.

"அவரு வந்து தூக்கட்டும். நான் கரையில உக்காந்து வைத்தியம் பாக்கறேன்," என்றான் மூடுபனிக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மதியம் மூன்று மணிதான், ஆனாலும் ஏரியிலிருந்து எழுந்த பனி கோரைப்புற்களை விழுங்கி, பூட்டிய தின்பண்டக் கடையையும் ஊஞ்சல் கம்பங்களையும் விழுங்கி, அவள் கையிலிருந்த பலகையில் பாதியையும் மறைத்திருந்தது. வாத்துகள் தெற்கே போய்விட்டன. அடிச்சேற்றின் அழுகல் வாடை மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் கூடிக்கொண்டே வந்தது.

"வெர்ன், மூச்சு வாங்குதா?"

நான்காவது துண்டின் மறுமுனை லேசாக உயர்ந்தது. அவ்வளவுதான் பதில்.

"வாயத் திறந்து சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

பலகை மெல்ல முன்னால் வந்தது. தண்ணீரில் ஒருவன் நடந்தால் சலசலப்புக் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. அவள் இழுப்பதை நிறுத்தினாள்; பலகை நிற்கவில்லை.

அவளுக்குப் பின்னால் பிக்கப் வண்டியின் கதவு சாத்தப்பட்டது.

"ரெண்டாவது துண்டோட நான் மேல வந்துட்டேன்," என்றான் வெர்ன், ஃபிளாஸ்க்கைத் திருகிக்கொண்டே. "நெஞ்சு கொஞ்சம் அழுத்துச்சு. படகு இறக்கற சரிவு வழியா ஏறிப் போய் ஹீட்டர் போட்டு உக்காந்துட்டேன். கத்திச் சொன்னேனே, கேக்கலையா? அது சரி, யாரு உனக்குக் கை குடுக்கறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உயிரோடு, கதகதப்பாக, பக்கத்தில் நிற்கிறான். அந்தச் சந்தோஷம்கூட முழுதாக வரவில்லை.

வெர்னுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தச் சமவெளியில் வேலை நடப்பதைப் பார்த்தவர் பேசாமல் வந்து மறுமுனையைப் பிடிப்பார். முதலில் காபி, பெயர் கேட்பதெல்லாம் பிறகு. அவன் கோப்பையை நிரப்பினான்.

"வேண்டாம், வெர்ன். வண்டிக்குப் போ."

"நல்லா இருக்கே. வேலை வாங்கிட்டு வெறும் வாயோட அனுப்பறதா?" பலகையை ஒட்டியே அவன் தண்ணீர் விளிம்புக்கு நடந்தான். "வாங்க, காபி சூடா இருக்கு."

பலகை நின்றது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சாம்பல் நிறம். நகங்கள் இல்லை. கோப்பையை மரியாதையாக வாங்கிக்கொண்டது.

பலகையின் மறுபக்கம் இன்னொரு கை. அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் காபிக்காக நீண்டிருந்தன.

வெர்னின் முகத்தில் விருந்தாளிக்கான சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. பழக்கதோஷம், குலுக்குவதற்குக் கையை நீட்டிவிட்டான்.

"மார்லிஸ்," என்றான் மெதுவாக. "விட மாட்டேங்குது."

அந்தக் கை அவனை ஏரிக்குள் இழுத்தது, முழங்கால் வரை. இடுப்பு வரை. நெஞ்சு வரை. அவள் பலகையை விட்டுவிட்டு அவனிடம் ஓடினாள். பலகை விழவில்லை. அத்தனை கைகள் அதைப் பிடித்திருந்தன. தண்ணீருக்குள் துழாவினாள். குளிர். சேறு. யாரும் இல்லை.

பிறகு கோப்பை திரும்பி வந்தது. விளிம்பு வரை கறுத்த ஏரித் தண்ணீர், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

அதை அவளிடம் நீட்டிய கை வெர்னுடையது. அதற்குள் அது சாம்பல் நிறமாகியிருந்தது. அவள் வாங்கிக்கொள்ளட்டும் என்று அது காத்திருந்தது.