உப்புக்கு வாங்கிய திட்டு

மாமியார் வந்து தங்கும் நாட்களில் அந்த வீட்டுச் சமையலறைக் கதவு சாத்தியே இருக்கும். உள்ளே சமைப்பவன் கணவன். பஸ் டிரைவர் சீருடையில் மனைவி பக்கத்தில் நிற்பாள். சமையல் ஆனதும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவள் மட்டும் வெளியே வருவாள். ஆண்பிள்ளை அடுப்படியில் நின்றான் என்று நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அவன் முகம் வாடக் கூடாது என்று அவளே தொடங்கி வைத்தது.

அன்று காலை மாமியாரோடு கணவனின் அண்ணனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்கை ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளினார்.

"ஒரே உப்பு... ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு உப்பு அளவு எப்படித் தெரியும்? வண்டியை விட்டுடும்மா. டிப்போ கவுண்டர்ல உட்கார இடம் இருக்காமே. வீட்டையும் பார்த்துக்கலாம்."

எத்தனை பேர் கேலியைத் தாண்டிப் பிடித்த இருக்கை அது! சாத்திய கதவைப் பார்த்தாள். அது திறக்கவில்லை.

"சரி... இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன்," என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நில்லு." மாமியார் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தார். கையில் கரண்டியோடு மகன் நின்றிருந்தான்.

"போட்டதை மறந்துட்டு இன்னொரு தடவை உப்புப் போடறது இவன் வழக்கம். சின்ன வயசுல, எனக்கு உடம்பு முடியாம இருந்தப்போ இவன்தானே ஆக்கிப் போட்டான்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவை உப்பிட்டவனை மறப்பேனா? முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. அவன் வாயால சொல்லட்டும்னு இருந்தேன்."

அண்ணன் திகைத்தார். "அப்போ அதெல்லாம் நீங்க சமைச்சதுன்னுல்ல நாங்க நெனச்சோம்மா..."

"உங்கப்பா வர்ற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திட்டு, நான்தான் ஆக்கினேன்னு சொல்லுவேன். அந்த உப்புக்கெல்லாம் திட்டு வாங்கினது நான். அது என்னோட போகட்டும். இவ எதுக்கு வாங்கணும்?"

கணவன் வெளியே வந்தான். குரல் உடைந்திருந்தது.

"சமைச்சது நான்தான் அண்ணா. தினமும் நான்தான்." மனைவியிடம் திரும்பினான். "நீ எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்..."

மாமியார் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்தத் தோளில் முகம் புதைத்து அவள் விம்மினாள்.

"போதும்மா. உன் பஸ்ஸுக்கு ஜனம் காத்துக்கிட்டு இருக்கும். கிளம்பு."

அவள் முகம் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அண்ணன் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மாமியாரின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"போட்டாச்சுடா... உப்புப் போட்டாச்சு."