முகூர்த்தச் சுமை

மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில்தான் நாச்சிமுத்துவின் கண்கள் மூன்றாவது முறையாக அணைந்தன. இலையில் பாயசம் விழும் சத்தம் கேட்டது, பாயசத்தைக் காணோம். நாற்பது விநாடி கும்மிருட்டு. இருட்டில் கையை வீசி, பக்கத்து இலைக்காரரின் ரசத்தைக் கவிழ்த்துவிட்டு, அதற்கு அவரையே திட்டவும் செய்தார். பம்புசெட்டுப் பட்டறை முதலாளிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் காலை காந்திபுரத்தில் தமயந்தியின் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தார். இடுப்பிலிருந்த டப்பாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அம்மிணி, இன்னும் பதினோரு நாள்ல என்ற புள்ளைக்குக் கல்யாணம். தாலி கட்டற நேரத்துல இது அணைஞ்சுதுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன். பொண்டாட்டியும் போய்ச் சேர்ந்துட்டா. அவளுக்கும் சேர்த்து நான் ஒருத்தன் கண்ணால பாக்கோணும்."

"பாத்துறலாமுங்க. உக்காருங்க," என்றாள் தமயந்தி. இந்தத் தொழிலில் பதினாறு வருடம் போட்டவள். ஆள் கோபத்தில் வந்தால் முதலில் நாற்காலி தரவேண்டும் என்று தெரிந்தவள்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் கண்ணில் வில்லை தைத்திருந்த காலம் அது. வில்லை பார்ப்பதோடு சரி. பார்த்ததைப் படமாக வரைந்து மூளைக்கு அனுப்புவது இடுப்பு டப்பாவுக்குள் இருக்கும் வரைபலகை. பலகை விழுந்தால் ஆள் குருடு, அது மறுபடி எழுந்திருக்கும் வரைக்கும்.

தமயந்தி வழக்கமான வரிசையில் போனாள். காற்றாடியில் அப்பியிருந்த தூசியை ஊதினாள். காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாள். மின்கலத்தை மாற்றிப் பார்த்தாள். நினைவகத்தைச் சோதித்தாள், ஒரு பிழை இல்லை. பிறகு பலகையை மேசையில் கட்டி, ஒரே நேரத்தில் ஐயாயிரம் முகம் வரையச் சொல்லி மூன்று மணி நேரம் ஓட்டினாள். சூடானது, முனகியது, ஆனால் விழவில்லை.

"கூட்டம்னா விழுகுதுங்களா?"

"அதுதான் இல்ல. தைப்பூசத்துக்குப் பழனி போனேன். கால் வெக்க எடமில்ல. ஜம்முனு வேலை செஞ்சுது. நிச்சயத்துக்கு வந்தது முந்நூறு பேர். அதுக்குப் பொட்டுனு போயிருச்சு."

லட்சம் பேரைத் தாங்கிய பலகை முந்நூறு பேருக்கு விழுகிறதென்றால், பழுது பலகையில் இல்லை. பலகை விழுந்த நேரத்தின் பதிவைத் தமயந்தி திறந்து, அது கடைசியாக என்ன வரைந்துகொண்டிருந்தது என்று பார்த்தாள். அது யாரையும் வரைந்துகொண்டிருக்கவில்லை. அழித்துக்கொண்டிருந்தது.

வில்லையிலேயே சனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது மறைப்புதான். ஆகாதவர் பெயரைப் பட்டியலில் ஏற்றினால் போதும். அவர் நிற்கும் இடத்தில் பின்னாலிருக்கும் சுவரையோ செடியையோ பலகை வரைந்து நிரப்பிவிடும். முட்டிக்கொள்ளாமலிருக்கக் காலடியில் மட்டும் ஒரு சாம்பல் வட்டம். பகையாளியாக இருந்தாலும் பங்காளிக்குப் பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாத ஊர். வந்தவனும் இருந்து சாப்பிடாமல் போக முடியாது. அதனால் எல்லாரும் எல்லாரையும் அழைத்தார்கள், எல்லாரும் வந்தார்கள், வேண்டாதவரை வேண்டாதவர் மறைத்துக்கொண்டு சமத்தாக மொய் எழுதிப் போனார்கள். மண்டபங்களில் சண்டை ஒழிந்தது. ஆகா, என்ன நாகரிகம்!

நாச்சிமுத்துவின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்: திருமூர்த்தி, அவர் மச்சான். நாச்சிமுத்துவின் மனைவியான தன் தங்கையின் சாவு வீட்டில் அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தா அவ பொழச்சிருப்பா." அன்றைக்கே அவன் மறைந்தான். அத்தோடு விட்டிருந்தால் பலகைக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர் ஒரு விதியையும் சேர்த்திருந்தார்: அவனோடு கை நனைத்தவனும், பக்கத்தில் நின்று பேசினவனும் எனக்கு ஆகாது. அவர்களோடு சேர்ந்தவர்களும் அப்படியே.

பழனியில் திருமூர்த்தியோடு நின்றவர் யார்? ஊர் வழக்கப்படி அவனும் வந்திருந்த நிச்சயத்தில் அவனோடு நிற்காதவர் யார்? ஒருத்தரிலிருந்து ஒருத்தராகச் சொந்தம் முழுக்க ஓடி, பாதி மண்டபத்தை அழிப்பதற்குள் பலகைக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

"விதிய எடுத்துட்டா இதே பலகை இன்னும் பத்து வருசம் உழைக்குமுங்க," என்றாள் தமயந்தி.

"எடுக்க மாட்டேன். பெரிய பலகையா போடு. சொந்தத்த மாத்தறதுக்குப் பலகைய மாத்தறது சுலுவு."

"ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. பழசு பாதியில விழுந்துருது. புதுசு விழாது. கடைசி ஆள் வரைக்கும் மறைச்சுப்போடும். புள்ளைக்காவது ஒரு விலக்கு எழுதி வெச்சுக்கலாமுங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ற புள்ள அவன்கிட்டப் போய் நிப்பாளா? என்ற ரத்தம் அம்மிணி அது! பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாத."

அடித்துச் சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? கண்ணுக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் பட்டியலில் கைவைக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். எட்டு மடங்கு திறனுள்ள பலகையைத் தருவித்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் பூட்டிக் கொடுத்தாள். சோதனைக்கு நேரமில்லாததால் கல்யாணத்தன்று கூடவே இருக்கும்படி அவர் கேட்டார். ஒப்புக்கொண்டாள்.

பத்தரை மணி முகூர்த்தம். பத்தே காலுக்கு மண்டபத்தின் ஓரத்திலிருந்து தமயந்தி பார்த்தாள். மேடையில் அவர் மகள் மதிவதனி மணையில் உட்கார்ந்திருந்தாள். மாலை எடுத்துக்கொடுத்து அவளை மேடைக்கு அழைத்து வந்தவர் திருமூர்த்தி. தாய்மாமன் இல்லாமல் தாலி ஏறுமா? அம்மா இல்லாத பெண், அப்பாவுக்குத் தெரியாமல் தானே போய் மாமனை மேடைக்கு அழைத்திருந்தாள். மாமன் மறைந்துதானே இருப்பார், அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று, அந்த விதியைப் பற்றித் தெரியாமல், நினைத்துவிட்டாள் பாவம்.

நாச்சிமுத்து கூட்டத்துக்கு நடுவில் நின்று நாலாபுறமும் திரும்பினார். நாதஸ்வரம் அவர் காதருகே வாசித்தது. யாரோ "வாங்க மாமா" என்றார்கள். அவர் கண்ணுக்கு முன்னால் காலி நாற்காலிகள், காலி மேடை, எரியும் ஓமம், தரையெல்லாம் சாம்பல் வட்டங்கள்.

"அம்மிணி! அம்மிணி, எங்க இருக்கிற?"

அவளும் கொஞ்ச நேரத்துக்கு முன் மதிவதனியிடம் பேசியிருந்தாள், அதனால் அவளையும் பலகை அழித்திருந்தது. "இங்கதானுங்க இருக்கறேன்," என்று அவர் கையைப் பிடித்தாள். டப்பாவில் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தாள்.

"பழுதாயிருச்சு. மறுபடியும் பழுதாயிருச்சு. சீக்கிரம் பாரு, நேரமாச்சு!"

"பழுதெல்லாம் இல்லீங்க. இப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யுது."

"என்ற புள்ள?"

"மேடையிலதானுங்க. அவ பக்கத்துல..." தமயந்தி தயங்கினாள். "மாமன் நிக்கறாருங்க."

ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கை உயர்த்துவது தமயந்திக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். விதியக்கூட எடுக்க வேண்டாம். புள்ளைக்கு மட்டும் விலக்குக் குடுத்தர்றேன். அவரு மறைஞ்சே இருக்கட்டுமுங்க. மூணு விநாடி வேலை. உங்க புள்ளையாச்சுங்களே! அவ கழுத்துல தாலி ஏறறதப் பாக்கத்தானுங்க இத்தனையும்!"

அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள், விரல்கூட பொத்தானுக்குப் போய்விட்டது.

"அவன மேடைக்குக் கூப்பிட்டது ஆரு?"

தமயந்தி பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப வேண்டாம்," என்றார் நாச்சிமுத்து. "எனக்குக் காது கேக்குது. அது போதும்."

கெட்டிமேளம் முழங்கியது. அவர் கையிலிருந்த அட்சதையைச் சத்தம் வந்த திசையில் வீசினார். அது திருமூர்த்தியின் தோள்மேல் விழுந்தது. மதிவதனி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பார்வை அவளுக்கு அரை முழம் தள்ளிப் போனது; ஒரு தூணைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பலகை செய்த கம்பெனியிலிருந்து தமயந்திக்கு வழக்கமான படிவம் வந்தது. முழுச் சுமையில் பலகை விழுந்ததா என்று கேட்டிருந்தார்கள். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உண்மையைத்தான் எழுதினாள்: ஒரு தடவைகூட விழவில்லை.