மூன்றாம் கூடத்துச் சுவர்

ஏழு வருஷம் மூடிக் கிடந்த ஓவியக் காட்சிக்கூடத்தைத் திறந்த அன்று எனக்கும் அழைப்பு வந்தது. அழைப்பு என்றால் அட்டை அல்ல. "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வா. எங்கயாவது பேந்து விழுந்தா ஒட்டணும். அதுவரைக்கும் தூணுக்குப் பின்னாடியே நில்லு," என்றார் மேஸ்திரி.

அந்தக் கட்டடத்துச் சுவர்களில் பாதிக்குமேல் பலகை அடித்தவன் நான். தூணுக்குப் பின்னால் நின்றேன்.

காலை பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வாசனை முன்னால் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள். படங்களை எட்ட நின்று பார்த்தார்கள், கிட்டப் போய்ப் பார்த்தார்கள், பிறகு யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் சுவரில் மாட்டியிருந்த ஈரம் அளக்கும் கருவிக்கு முன்னால் நின்று, "எவ்வளவு தனிமை!" என்றாள். பக்கத்தில் இருந்தவரும் ஆமாம் என்றார்.

நடுவில் இயக்குநர். விரல் நகத்தில் ஒரு நாளும் சுண்ணாம்பு ஏறாத மனிதர். "இந்தச் சுவர்களை எழுப்ப நான் பட்ட பாடு இருக்கிறதே," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசல் ஓரமாக என் தங்கச்சி வாளியும் துடைப்பமுமாக நின்றாள். அவர்கள் செருப்பு மண்ணைத் துடைப்பது அவள் வேலை. இரண்டு வருஷமாக அங்கேதான் தரை துடைக்கிறாள். யாரும் கூப்பிட்டு அவள் வரவில்லை. "அவரு கடைசியாப் போன இடம் இதுதானேண்ணே. எப்பவாவது இங்க திரும்பி வருவாரு, இல்லேன்னா யாராவது எதாவது சொல்லுவாங்க," என்று தானே வந்து வேலை கேட்டுச் சேர்ந்தாள்.

அவர் என்றால் அவள் புருஷன், என் மாப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கூடத்தில் நாலு பக்கமும் இரட்டைச் சுவர். பழைய கல்சுவர் ஈரம் கக்கும் என்பதால் அதற்கு முன்னால் ஒன்றரை அடி இடம் விட்டு, கம்பிச் சட்டம் கட்டிப் பலகை அடித்தோம். அந்தச் சந்துக்குள் ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கிப் பூஞ்சை மருந்து அடிப்பான். அதுதான் மாப்பிள்ளையின் வேலை. அவன் வெளியே வந்த பிறகு கடைசிப் பலகையை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூடுகிறவன் வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் ஒரு தட்டு திரும்பி வரும். தட்டிப் பார்க்காமல் எங்களில் யாரும் ஒரு ஸ்க்ரூகூட முடுக்கியதில்லை.

அன்றைக்கு இயக்குநர் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிவந்திருந்தார். "ஒரு மணி நேரத்துக்குச் சின்னச் சத்தம்கூட வரக் கூடாது. ஆனா அவங்க திரும்பி வர்றதுக்குள்ள அந்த ஓட்டை மூடியிருக்கணும்," என்று கட்டளை. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மருந்துப் புகைதான் தெரிந்தது. சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்தேன். பன்னிரண்டு ஸ்க்ரூவையும் மெஷின் இல்லாமல் கையாலேயே, சத்தம் வராமல் முடுக்கினேன்.

தட்டவில்லை.

அவர்கள் போனதும் தரை தேய்க்கும் மெஷின்கள் ராத்திரி வரைக்கும் ஓடின; உள்ளேயிருந்து தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. மறுநாள் அவன் வரவில்லை என்றதும், "ஓடிட்டான்யா, வேற எவளையாவது பார்த்திருப்பான்," என்று இயக்குநரே சிரித்தார். மேஸ்திரியும் ஆமாம் போட்டார். அதைத் தங்கச்சியிடம் கொண்டுபோய்ச் சொன்னவன் நான்தான். பிறகு அந்தச் சுவர் நாறியபோது எலி என்றார்கள், ஆறு பொறி வாங்கி வைத்தார்கள், பன்னீர் அடித்தார்கள். நானும் எலி என்றே நினைத்துக்கொண்டேன். வேறு எதையாவது நினைத்திருந்தால் நான் தூங்கியிருக்க முடியாது. அவர்களைச் சொல்கிறேனே, நான் என்ன யோக்கியன்?

இப்போது திறப்பு விழாவுக்கு வருகிறேன்.

மூன்றாம் கூடத்தில் வெயில் போல விளக்கு. இயக்குநர் பேச ஆரம்பித்தார். நூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

டொக். டொக். டொக்.

பெரிய நீலப் படத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

இயக்குநர் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு சிரித்தார். "ஒலியும் இந்தக் காட்சியில் ஒரு பகுதிதான்," என்றார். வெட்கமே இல்லை. கைதட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

பழைய மருந்து வாடை மூக்கில் ஏறியது. மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் வெள்ளைப் பட்டி பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"எலிதானே?" என்றார்.

"எலி எண்ணித் தட்டுமா?"

"மூணு தட்டுதுப்பா. உள்ள இருக்கறவன் ஒண்ணுதானே தட்டணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தட்டுகிறவன் மூடப்போகிறவன். அவன் எங்களைக் கேட்கிறான்.

உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று.

ஓடிப் போய்ச் சுவரில் ஒரு தட்டு தட்டினேன். நூறு தலை திரும்பியது. இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "யாரும் பதிலுக்குத் தட்ட வேண்டாம், அமைதியாகக் கேளுங்கள்," என்று அவர்களிடம் சிரித்தார். என் காதில், "தொலைச்சிடுவேன், போய்த் தூணுக்குப் பின்னாடி நில்லுடா," என்றார்.

தட்டு நகர்ந்தது. படத்துக்குப் படம், சுவர் நெடுக, மூன்று மூன்றாக. கடைசியில் இயக்குநர் நின்ற இடத்துக்கு நேராக வந்து நின்றது.

அவர் பதில் தட்டவில்லை.

நான் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீலப் படத்தைக் கழற்றிக் கீழே சாய்த்தேன்.

"என்ன பண்றே நீ? விலை தெரியுமா அதுக்கு?"

"என் தங்கச்சி மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கா சார். அவளுக்குப் பதில் சொல்லணும்."

ஸ்க்ரூத் தலைகளை மறைத்திருந்த பட்டியைச் சுரண்டி, பன்னிரண்டு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பலகை விழுந்தது.

அவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் முகமூடி, மடியில் மருந்துக் குழாய். உடம்பு காய்ந்து சட்டைக்குள் சுருங்கியிருந்தது.

"அற்புதம்," என்று யாரோ சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்த அம்மாள் கிட்டப் போய், தலையைச் சாய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

பிறகுதான் அலறினாள்.

நூறு பேரும் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவு தனிமையும் ரசனையும் அரை நிமிஷத்தில் வாசலைத் தாண்டிவிட்டன.

தங்கச்சி மட்டும் எதிர்த்திசையில் வந்தாள். சட்டையைப் பார்த்தாள். காலரில் அவள் போட்டிருந்த தையலைத் தொட்டாள்.

"ஓடிப் போகல," என்றாள். மூன்று வருஷமாக நிமிராத அவள் கழுத்து நிமிர்ந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மூடிய பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேலைக்காரன் பெண்டாட்டி, எங்கள் வழக்கம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"நீ தட்டலையாண்ணே?"

"தட்டலம்மா."

அதற்குப் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை. இன்றுவரை.

போலீஸ் வந்து அவனை எடுத்துப்போக மதியம் ஆயிற்று. தங்கச்சி கூடவே போனாள். இயக்குநரை விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஆளைக் காணோம். அவர் வாசலைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. கார் அப்படியே நின்றது. டிரைவர் சாயங்காலம்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

கருவிகளை எடுக்க நானும் மேஸ்திரியும் மூன்றாம் கூடத்துக்குத் திரும்பினோம். எதிர்ச் சுவரின் பக்கம் போன மேஸ்திரி சட்டென்று நின்றார். எட்டு மாசமாக அந்தச் சுவரில் எங்களில் யாரும் கை வைக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் ஓர் ஆள் உயரப் பலகையைச் சுற்றி நாலு பக்கமும் பட்டி பளபளத்தது. தொட்டார். விரலில் ஒட்டியது.

"நீ பூசினியா?"

"இல்ல."

மூலையில் கடைசி ஸ்க்ரூ ஒன்று மட்டும் அரை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது, சத்தமே இல்லாமல், கால் சுற்று கால் சுற்றாக, உள்ளே இறங்கியது.