முயல் வரைந்த கல்

"ஐயோ! கொன்னுட்டானே..!"

லஸ்ஸில் பாதித் தெரு அந்த அலறலுக்கு ஓடி வந்தது. யுத்தம் முடிந்த வருஷம். பட்டப்பகல்!

விலங்கியல் ப்ரொஃபசர் ஸ்ரீரங்கன் வீட்டு ஆராய்ச்சி அறையில் மல்லாந்து கிடந்தார். மூக்கருகே முயலை மயக்க வைக்கும் குளோரோஃபாம் பஞ்சு. நெஞ்சில் கத்தி.

அலறியவள் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி.

இன்ஸ்பெக்டர் வெள்ளைச்சாமி வந்தார். குனிந்து பார்த்தார். உடனே ப்ரொஃபசரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

கொல்லைப்புறத்தில் ஷரஃபுதீன் அகப்பட்டான். அச்சாபீஸ்காரன். ப்ரொஃபசர் புத்தகத்துக்காகக் கல்லில் வரைந்த படங்களை எடுத்துப்போய், மை தடவிக் காகிதத்தில் ஒற்றி அச்சடிப்பவன்.

பளார்! அடி முதலில். கேள்வி அப்புறம்.

"ஏலே, காலையில சண்டை போட்டியாமே?"

"கல்லு ரெடியான்னு கேட்டேன் சார். அவுரு கத்துனாரு. அதுக்கு இன்னா, கொலையா பண்ணுவாங்க?"

"இவன்தான்! இவனேதான்!" சுப்புலக்ஷ்மி விம்மினாள். "தூக்குல போடுங்கோ!"

ஷரஃபுதீன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. பாவம்!

வெள்ளைச்சாமி மேஜையைப் பார்த்தார். மழமழவென்று ஒரு கல். அதன்மேல் வயிற்றைப் பிளந்து போட்ட முயல். நரம்பு நரம்பாக... தொட்டால் துடிக்கும் போலிருந்தது.

"யாரும்மா வரைஞ்சது?"

"அவர்தான். புஸ்தகத்துல அவர் பேர்தானே போட்டிருக்கு!"

அவள் விரல் நுனியெல்லாம் கருப்பு மை. வண்டியில் போன ப்ரொஃபசரின் விரல்களோ... பளிச்சென்று சுத்தம்!

வெள்ளைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா. முயலுக்கு இதயம் இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இங்க வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. பள்ளிக்கூடப் பையன்கூட இப்படி வரைய மாட்டான்." கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "இந்தக் கண்றாவியைத் தேய்ச்சு அழிய்யா!"

கான்ஸ்டபிள் பக்கத்திலிருந்த தேய்ப்புக் கல்லை எடுத்தான். முயலின் காதருகே கொண்டு போனான்.

"தொடாதே!"

முதல் அலறலைவிட இது பெரிசு. இது நிஜம்!

"தப்பில்லை! கல்லுல இடம் வலம் மாத்தித்தான் போடணும். அச்சுல நேராயிடும். பதினஞ்சு வருஷமா இப்படித்தான் வரையறேன். ஒரு தடவை தப்பினதில்லை!"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, என்ன சொன்னோம் என்று.

"நீங்களா?" வெள்ளைச்சாமி சிரித்தார். "மயங்கிக் கிடக்கிற ஆளு. நிதானமா இடம் பார்த்துக் குத்தலாம். ஆனா கத்தி வலது நெஞ்சுல இறங்கியிருக்கு. இதயம் அந்தப் பக்கம்னு யாரோட கைக்குப் பழக்கம்? அச்சடிக்கிற இவனுக்கா? வரையற உங்களுக்கா?"

அவள் முந்தானைக்குள் விரல்களை மறைத்தாள். இனி மறைத்து என்ன பயன்!

"ஒவ்வொரு கல்லுலயும் மூலைல என் பேரைச் சின்னதா எழுதுவேன்." முயல் கல்லின் மூலையைப் பார்த்தாள். "ஒவ்வொண்ணுலயும் கத்தியால சுரண்டிடுவார். இன்னிக்கு சிரிச்சுண்டே சுரண்டினார். 'முயலுக்குக்கூடப் புஸ்தகத்துல பேர் உண்டு, நோக்கு எதுக்குடி'ன்னார்."

"அதனால..?"

"அதே கத்தி."

ஷரஃபுதீன் வாயைப் பிளந்தான். கன்னத்தில் இன்ஸ்பெக்டரின் ஐந்து விரல்களும் இன்னும் சிவப்பாக இருந்தன.

ட்ரிங்... ட்ரிங்...

வெள்ளைச்சாமி டெலிபோனை எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து. உங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சுட்டார்!"

சுப்புலக்ஷ்மி விறைத்தாள். "உ... உயிரோடயா?"

"இதயத்துல படலையே! இன்னும் அம்பது வருஷம் இருப்பாராம். முழிச்சதும் என்ன கேட்டார் தெரியுமா? 'முயல் கல்லு முடிஞ்சுதா, அச்சுக்குப் போயாச்சா'ன்னு."

"என்னைப் பத்தி..?"

"ஒரு வார்த்தை கேக்கலை."

அவள் அந்த முயலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர்கூட வரவில்லை. தூக்குக் கயிறு கிடைத்திருந்தால்கூடத் தேவலை என்பது போலிருந்தது அந்த முகம்.

வெள்ளைச்சாமி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"வாங்கம்மா, போகலாம். தொழில் தெரிஞ்சவங்க நீங்க... குத்துறதுக்கு முன்னால ஒரு ப்ரூஃப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா!"